குடும்பத்தாரைக் கேட்ட பின்

செப்டம்பர் 8, திங்கள்

விடுதியில் காலையில் தண்ணீர் வரவில்லை. கீழே கைப்பம்பில் ஒரு வாளி அடித்துத் தூக்கி வந்து குளித்தேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அந்த அளவில் நல்ல நாள்.

இந்த வேலைக்கு வந்து பதினான்கு மாதமாகிறது. நான் என்ன வேலை செய்கிறேன் என்று அண்ணனுக்கு இன்னும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நேற்றுப் போனில் கேட்டார்.

"சட்டமன்றத்துல நீ எங்க உக்காருவ வினோ? டிவில ஒரு நாளும் காணலியே."

"நான் சபைக்குள்ள இல்லண்ணே. பின்னாடி கட்டடத்துல. விதிகள் ஆய்வுக் குழுப் பிரிவு."

"அங்க என்ன பண்ணுவ?"

சொல்லிப் பார்த்தேன். சபையில் ஒரு சட்டம் போடும்போது எல்லாவற்றையும் அதிலேயே எழுதிவிட மாட்டார்கள். எத்தனை நாள், என்ன படிவம், யார் முடிவு செய்வது என்பதையெல்லாம் 'வகுத்துரைக்கப்படும் வகையில்' என்று விட்டுவிடுவார்கள். அமைச்சரின் துறை அவற்றைப் பிறகு விதிகளாக எழுதி அரசிதழில் வெளியிடும். அந்த விதிகளுக்கும் சட்டத்தின் பலம் உண்டு. சபை சொன்னதைத் தாண்டியோ, வெட்டியோ எழுதிவிட்டார்களா என்று பார்ப்பதற்கு உறுப்பினர்களின் குழு ஒன்று இருக்கிறது. அந்தக் குழுவுக்குக் குறிப்பு எழுதிக் கொடுப்பது எங்கள் பிரிவு.

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். "அப்ப மினிஸ்டரு எழுதுனத நீ திருத்துற."

"திருத்தலண்ணே. பாத்துச் சொல்றது."

"ரெண்டும் ஒண்ணுதான் போ. உங்க அண்ணி எழுதுற மளிகை லிஸ்ட்டையும் கொஞ்சம் பாத்துச் சொல்லு. சோப்பு மட்டும் மூணு எடத்துல வருது."

பின்னாலிருந்து தவமணி அண்ணி என்னவோ சொன்னார். எனக்கு இரண்டு பேரின் சிரிப்புதான் கேட்டது.


செப்டம்பர் 10, புதன்

புதிய கட்டு ஒன்று வந்தது. 'கடலில் காணாமற்போனோர் தேடுதல் சட்டம்' என்று போன வருடம் நிறைவேறியதல்லவா, அதன் கீழ்த் துறை எழுதிய விதிகள். மொத்தம் நாற்பத்திரண்டு. எங்கள் ஊர்ப் பக்கத்துச் சமாச்சாரம் என்பதால் ஆசையாகப் படித்தேன்.

சட்டத்தின் ஐந்தாம் பிரிவில், குடும்பத்தாரைக் கேட்ட பின்னரே தேடுதலை நிறுத்த வேண்டும் என்று இருக்கிறது. முதலில் கொண்டுவந்த மசோதாவில் இது இல்லை. ஒரு உறுப்பினர் எழுந்து, போனவன் எந்தப் பக்கம் போனான் என்று அவன் வீட்டில்தானே தெரியும் என்று கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு சேர்த்தார்கள். சபை நடவடிக்கைப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தையும் எடுத்துப் படித்தேன்.

விதிகளில் ஏழாவதை மூன்று முறை படித்தேன். 'தகவல் கிடைத்த நாளிலிருந்து ஏழு நாட்கள் முடிவடைந்தால் தேடுதல் முடிவுற்றதாகக் கொள்ளப்படும்.'

பிரிவு அலுவலர் கோதண்டபாணி சார் மாலைக்குள் குறிப்பு வேண்டும் என்று அவசரப்படுத்தினார். 'கருத்து ஏதுமில்லை' என்று போட்டு அனுப்பிவிட்டேன். பக்கத்து நாற்காலி ஜெயக்கொடி அக்கா என் மேசையை ஊதினார். "என்னடி இது, இத்தன ரப்பர் தூளு. பரீட்சையா எழுதுன?"

கடைக்குப் போய் ஷாம்பு வாங்கினேன். தலைவலி.


செப்டம்பர் 11, வியாழன்

மழை. துணி காயவில்லை.


செப்டம்பர் 17, புதன்

சபை மூன்று நாள் கூடியது. இன்றோடு முடிந்தது.

விதிகளைச் சபையின் மேசையில் வைக்க வேண்டும் என்பது முறை. பட்டியலில் இன்று முப்பத்தொன்பது தாள்கள். அமைச்சர் எழுந்து, "என் பெயரில் உள்ள தாள்களை மேசை மீது வைக்கிறேன்" என்றார். கையில் ஒன்றும் இல்லை. மேசை மீதும் எதையும் வைக்கவில்லை. கட்டுகளை நான் காலையிலேயே வண்டியில் தள்ளிப்போய் நூலகத்தில் சேர்த்துவிட்டேன். சொன்னால் வைத்ததாக அர்த்தம். தேடுதல் விதிகளும் அந்தக் கட்டுகளில்தான் இருந்தன.

வைத்த நாளிலிருந்து சபை கூடுகிற பதினான்கு நாட்களுக்குள் எந்த உறுப்பினரும் திருத்தம் கேட்கலாம். கூடாத நாள் கணக்கில் வராது. அதுவரை விதி நடைமுறையில் இருக்கும்.

"இருவது வருஷமா இருக்கேன்," என்றார் ஜெயக்கொடி அக்கா. "ஒரு உறுப்பினர் வந்து ஒரு கட்டப் பிரிச்சுப் பாத்து நான் பாக்கல. எலி பிரிச்சதுதான்."

எங்கள் குறிப்பில் ஏதாவது இருந்தால் உறுப்பினர்கள் கேட்பார்கள். உறுப்பினர்கள் கேட்டால் விரிவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று நாங்கள் குறிப்பு எழுதுகிறோம்.


அக்டோபர் 15, புதன்

மதியம் அம்மா போன் செய்தாள். அண்ணன் நேற்று விடியலில் போனவர் திரும்பவில்லை. கூட்டாளி செல்வராசுக்குக் காய்ச்சல் என்பதால் தனியாகப் போயிருக்கிறார். எப்போதும் மதியத்துக்குள் வந்துவிடுவார்.

"என்ஜின் நின்னுருக்கும்," என்றாள் அம்மா. "எங்கயாவது கரை ஏறியிருப்பான். நீ வராத, லீவு போடாத."

கிளம்பிவிட்டேன். ரயிலில் எழுதுகிறேன். எதிர் இருக்கைப் பெண் முறுக்கு கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.


அக்டோபர் 16, வியாழன். கீழத்தோப்பு.

நேற்று எங்கள் ஊர்ப் படகுகள் எல்லாம் தேடப் போயின. இன்று காலையில் புயல் எச்சரிக்கை வந்துவிட்டது. இனி ஒரு படகும் இறங்கக் கூடாது. சட்டப்படி துறை அனுப்பும் பெரிய படகு மட்டும் போகலாம்.

துறை ஆய்வாளர் ஜீப்பில் வந்தார். ஊர்ப் பெரியவர்கள் ஆறேழு பேர் சூழ்ந்து நின்றார்கள். அண்ணன் எங்கே வலை விடுவார் என்று கேட்டார். தென்கிழக்கே, வழக்கமான இடத்தில் என்றார்கள். எழுதிக்கொண்டார்.

அண்ணி உள்ளே பெண்களுக்கு நடுவில் இருந்தார். அழவில்லை. என்னைப் பார்த்து, "சாப்ட்டியா?" என்றார்.


அக்டோபர் 17, வெள்ளி

பெரிய படகு தெற்கே போய்த் திரும்பியது. இல்லை.


அக்டோபர் 18, சனி

இல்லை.


அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எங்கள் தெருவில் யாரும் வெடி போடவில்லை. யாரும் சொல்லிவைத்ததாகவும் தெரியவில்லை. அடுத்த தெருவில் ஒரு குழந்தை கேப் துப்பாக்கியை வெடித்தது. அதன் அம்மா முதுகில் அடித்த சத்தம் கேட்டது.

படகு இன்றும் தெற்கே போனது. ஒரு வெள்ளைக் கேனை எடுத்துவந்து காட்டினார்கள். நம்முடையது இல்லை என்றாள் அம்மா. சந்தோஷமாகச் சொன்னாள்.

அண்ணன் இந்த ஆறு நாளைத் தாக்குப்பிடித்திருப்பார். பெரிய கேனில் தண்ணீர் எடுத்துப் போயிருக்கிறார். இருபது நாள் மிதந்து, பிழைத்து வந்தவர்கள் இருக்கிறார்கள் என்று செல்வராசு சொன்னார். அவர் வாசலிலேயே கிடக்கிறார். காய்ச்சல் இன்னும் விடவில்லை.


அக்டோபர் 21, செவ்வாய்

படகு மதியமே திரும்பிவிட்டது. பெரியவர் வைத்தி மாமா வந்து அம்மாவிடம் சொன்னார். "தெக்க முழுக்க அலசிட்டாங்க தங்கச்சி. ஒரு இடம் பாக்கியில்ல."

உள்ளேயிருந்து அண்ணி எழுந்து வந்தார். ஏழு நாளில் அவர் வாசலுக்கு வந்தது அப்போதுதான்.

"தெக்கயா? யாரு சொன்னா தெக்கன்னு?"

"வலை அங்கதானம்மா விடுவான்."

"நாலு நாளா அங்க ஒண்ணும் படலன்னு அன்னக்கி வடக்க போச்சு மாமா. முகத்துவாரத்தத் தாண்டி வடக்க. டீயக் குடிச்சிக்கிட்டே எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போச்சு. நீங்க வடக்கதான் தேடுறீங்கன்னு நான் உக்காந்திருக்கேன்."

ஏழு நாளாக அண்ணியை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பக்கத்தில்தான் படுத்திருந்தேன்.

வைத்தி மாமாவோடும் அண்ணியோடும் ஆய்வாளர் அலுவலகத்துக்கு ஓடினேன். அவர் நல்ல மனிதர்தான். நாற்காலி போடச் சொன்னார்.

"இன்னியோட ஏழு நாள் முடிஞ்சுதும்மா. படகத் திருப்பி அனுப்பியாச்சு. இனிமே என் கையில இல்ல."

"வடக்க ஒரு தடவ போகச் சொல்லுங்க சார்," என்றார் அண்ணி. "ஒரே தடவ."

"ஏழு நாள் முடிஞ்சா தேடுதல் முடிஞ்சதாத்தான் அர்த்தம்னு எழுதியிருக்கு. நான் அனுப்புனா என்னைக் கேப்பாங்க."

நான் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பச் சொன்னேன். "சட்டத்துல, அஞ்சாம் பிரிவுல, குடும்பத்தாரைக் கேட்ட பின்னதான் நிறுத்தணும்னு இருக்கு சார்."

அவர் மேசை இழுப்பறையிலிருந்து புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். "விதில அப்படி இல்லியேம்மா. எங்களுக்கு வர்றது விதிதான். அதுல என்ன இருக்கோ அதத்தான் நாங்க செய்ய முடியும்." பிறகு நிமிர்ந்து பார்த்தார். "உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

வைத்தி மாமா பெருமையாகச் சொன்னார். "சட்டமன்றத்துல வேலை பாக்குது சார். நம்ம புள்ள."


அக்டோபர் 23, வியாழன்

நேற்றே திரும்பிவிட்டேன். கிளம்பும்போது அண்ணி, "உங்க ஆபீசுல சொல்லு வினோ. பெரிய ஆளுங்க இருப்பாங்கல்ல," என்றார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பஸ்காரர் ஹாரன் அடித்த பிறகுதான் விட்டாள்.

கோதண்டபாணி சாரிடம் சொன்னேன். ஏழாம் விதி தாய்ச்சட்டத்துக்கு விரோதம், குழு உடனே கூடித் துறைக்குச் சொன்னால் தேடுதலை மறுபடி தொடங்கலாம் என்று ஒரே மூச்சில் சொன்னேன். பதினைந்து மாதத்தில் அவரிடம் இவ்வளவு நீளமாக நான் பேசியதில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்க அண்ணனாம்மா?"

தலையாட்டினேன்.

கோப்பை எடுத்துவரச் சொன்னார். 'கருத்து ஏதுமில்லை.' கீழே என் கையெழுத்து. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முன்ன குடுத்த குறிப்பு தவறுன்னு புதுசா ஒண்ணு எழுதணும். நீ இன்னும் புரொபேஷன்ல இருக்க." கோப்பை மூடிவிட்டு, "நான் அவசரப்படுத்துனதா எழுதிக்கோ. நான் ரிட்டயராக இன்னும் எட்டு மாசம்தான், என்ன பண்ணிடுவாங்க," என்றார்.


அக்டோபர் 24, வெள்ளி

இந்த நோட்டில் நான் பொய் எழுதியிருக்கிறேன்.

செப்டம்பர் பத்தாம் தேதி சார் என்னை அவசரப்படுத்தவில்லை. அன்று அவர் என் பக்கம் வந்தது ஒரே ஒரு தடவை. "முடிஞ்சுதாம்மா?" என்று கேட்டார். எல்லோரையும் கேட்பதுபோலத்தான் கேட்டார்.

அதற்கு முன் ஏழாம் விதியின் ஓரத்தில் நான் பென்சிலால் எழுதியிருந்தேன். 'பிரிவு 5-ன்படி குடும்பத்தாரைக் கேட்ட பின்னரே நிறுத்த இயலும். இவ்விதியில் அது விடுபட்டுள்ளது. குழுவின் கவனத்திற்கு.' அவ்வளவுதான். சரியாக எழுதியிருந்தேன்.

அவர் கேட்டதும் அழித்துவிட்டேன்.

ஏன் என்று எனக்குத் தெரியும். எழுதினால் கூட்டத்தில் அந்த இடம் வரும்போது, யார் இதைப் பார்த்தது என்று கேட்பார்கள். நான் எழுந்து நிற்க வேண்டும். மார்ச்சில் ஒருமுறை எழுந்து நின்று பேசினேன். சட்டத் துறைச் சார்புச் செயலர் பாதியில் நிறுத்தி, "எந்த ஊரும்மா நீ? கடற்கரையா? காத்துல கத்துற மாதிரியே பேசுற," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. நானும் சிரித்தேன்.

அதற்காக ஒரு வரியை அழித்தேன். ஊதித் தள்ளியது ஜெயக்கொடி அக்கா.

இன்று மதியம் குழுத் தலைவர் மரகதவல்லி அம்மா வேறு ஒரு கூட்டத்துக்கு வந்திருந்தார். மலைத் தொகுதி உறுப்பினர். லிப்ட் வாசலில் அரை மணி நேரம் நின்று அவரைப் பிடித்தேன். புதிய குறிப்பைக் கொடுத்தேன். நின்றபடியே முழுதும் படித்தார்.

"எத்தன நாளாச்சு?"

"பத்து நாள்ம்மா."

"உசுரோட இருப்பாருன்னு நெனைக்கிறியா?"

"எங்க ஊர்ல நெனைக்கிறாங்கம்மா."

"செவ்வாக்கெழம கூட்டம் போடச் சொல்றேன். அதுக்கு முன்னாடி உறுப்பினர்கள வர வைக்க முடியாது, எல்லாரும் தொகுதில இருக்காங்க. மழ வேற." என் தோளைத் தட்டினார். "நல்ல வேலை பண்ணுன. இத இத்தன பேரு பாத்தாங்க, ஒருத்தர் கண்ணுலயும் படல பாரு."




அக்டோபர் 26, ஞாயிறு

புயல் கரையைக் கடந்துவிட்டது. ஆனால் தடை நீங்கவில்லை. வைத்தி மாமாவும் செல்வராசும் தடையை மீறி ஒரு பைபர் படகில் வடக்கே போனார்களாம். முகத்துவார அலையில் படகு புரண்டு இரண்டு பேரும் நீந்திக் கரையேறினார்கள். செல்வராசுக்குக் கை முறிந்துவிட்டது.

அண்ணி போனில், "செவ்வாக்கெழம கூட்டம்னியே, அது நிச்சயமா?" என்று மட்டும் கேட்டார்.

"நிச்சயம் அண்ணி."


அக்டோபர் 28, செவ்வாய்

குழுவில் பன்னிரண்டு உறுப்பினர்கள். நான்கு பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும்.

பத்தரைக்குக் கூட்டம். மரகதவல்லி அம்மா பத்து மணிக்கே வந்துவிட்டார். பதினொன்றுக்குள் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். நான்காவது உறுப்பினர் ரயிலில் வந்துகொண்டிருந்தார். தண்டவாளத்தில் தண்ணீர் என்று வழியில் நிறுத்திவிட்டார்கள். போனிலேயே கலந்துகொள்கிறேன் என்றாராம். போனில் இருப்பவர் கணக்கில் வர மாட்டார்.

அரை மணி நேரம் பார்த்துவிட்டுத் தலைவர் ஒத்திவைக்க வேண்டும் என்பது முறை. மரகதவல்லி அம்மா ஒன்றரை மணி வரை உட்கார்ந்திருந்தார். காபி மூன்று தடவை வந்தது. ஒரு உறுப்பினர் இன்னொருவரிடம் தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை காட்டிக்கொண்டிருந்தார். அழகான பத்திரிகை. நான் சுவர் ஓரத்தில் நின்று வாசலையே பார்த்தேன். பியூன் உள்ளே வரும்போதெல்லாம் அவர் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தேன்.

ஒன்றரைக்கு அம்மா கோப்பை மூடினார். "நவம்பர் ஆறு," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நான் துறைச் செயலருக்குப் போன் பண்ணிச் சொல்றேம்மா," என்றார். பண்ணினார். குழுவின் தீர்மானம் எழுத்தில் வந்தால் பரிசீலிக்கிறோம் என்றார்களாம்.

பதினான்காம் நாள்.

கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஜெயக்கொடி அக்கா வெளியே நின்று யாரையும் உள்ளே விடாமல், "தண்ணி வரல, கீழ் மாடிக்குப் போங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.


அக்டோபர் 31, வெள்ளி

தடை நீங்கியது. ஊர்ப் படகுகள் வடக்கே போயின. பதினேழாம் நாள்.


நவம்பர் 1, சனி

முகத்துவாரத்துக்கு வடக்கே எட்டுக் கல் தள்ளி, ஒதுங்கிக் கிடந்த படகு கிடைத்தது. கவிழவில்லை. என்ஜினைக் கழற்றிப் பழுது பார்த்த மாதிரி திருப்புளி வெளியே கிடந்ததாம். தண்ணீர் கேன் காலியாக இருந்தது.

அண்ணன் இல்லை.

கேன் காலி என்று வைத்தி மாமா என்னிடம் மட்டும் சொன்னார். அம்மாவிடம் சொல்லவில்லை. பெரிய கேன். ஒரு ஆளுக்குப் பத்து நாளாவது வரும். கூடவும் வரும்.

இதற்கு மேல் எழுத முடியவில்லை.


நவம்பர் 6, வியாழன்

குழு கூடியது. ஏழு பேர்.

துறைத் துணைச் செயலர் எழுந்து அமைதியாகப் பேசினார். நிர்வாக வசதிக்காக ஏழு நாள் என்று வைத்தோம், கெட்ட நோக்கம் இல்லை என்றார். "விதிகள் மேசையில் வைக்கப்பட்டன. யாரும் ஆட்சேபிக்கவில்லை. இந்தச் செயலகமே கருத்து ஏதுமில்லை என்று குறிப்பு எழுதியிருக்கிறது."

எல்லோரும் எங்கள் வரிசையைப் பார்த்தார்கள். கூட்டத்தில் எங்களை நேராகக் கேட்டால் ஒழிய, எங்கள் தரப்பில் செயலர் மட்டும்தான் பேசலாம். நாங்கள் கோப்பு எடுத்துக் கொடுப்பதோடு சரி. கோதண்டபாணி சார் எழப் போனார். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியும். நான் முந்திக்கொண்டு எழுந்தேன்.

"அத எழுதுனது நான்தாங்க. கவனிக்காம எழுதிட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை.

மரகதவல்லி அம்மா, "கவனிக்காம விடுறது எல்லாருக்கும் நடக்கும். திரும்ப வந்து சொன்ன பாரு, அதான் பெரிசு," என்றார். விதியைத் திருத்த வேண்டும், குடும்பத்தாரைக் கேட்காமல் இதுவரை முடித்த தேடுதல்களிலும் அவர்கள் கூற்றைப் பதிவு செய்ய வேண்டும் என்று தீர்மானம் ஆனது. எங்கள் பிரிவின் விழிப்புணர்வைக் குழு பாராட்டுவதாகவும் ஒரு வரி. அந்த அறிக்கையைத் தட்டச்சு செய்தது நான்.

கவனிக்காமல் என்று சொன்னேன்.


நவம்பர் 27, வியாழன்

திருத்தம் அரசிதழில் வந்துவிட்டது. ஏழாம் விதியில் 'குடும்பத்தாரைக் கேட்டு, அவர்கள் கூற்றைப் பதிவு செய்த பின்' என்று சேர்த்திருக்கிறார்கள். நான் பென்சிலால் எழுதியதை விட நன்றாகவே இருக்கிறது.

ஜெயக்கொடி அக்கா ஒரு பிரதியை மடித்து என் பையில் வைக்கப் போனார். வேண்டாம் என்றேன்.


டிசம்பர் 13, சனி. கீழத்தோப்பு.

ஆய்வாளர் நேற்றே தகவல் அனுப்பியிருந்தார், குடும்பத்தாரைக் கேட்க வருவதாக. அதற்காகவே வந்தேன்.

பதினொரு மணிக்கு வந்தார். அம்மா பாயை விரித்தாள். அவர் படிவத்தை முழங்காலில் வைத்துக்கொண்டார். 'குடும்பத்தார் கூற்று' என்ற தலைப்பின் கீழ் நான்கு கோடு இடம் இருந்தது.

"விதியத் திருத்திட்டாங்கம்மா. உங்களக் கேட்ட பின்னதான் தேடுதல முடிக்க முடியும். உங்க வீட்டுக்காரரு கேசுல முன்னாடி கேக்கல. அதனால இப்பக் கேக்குறேன்." அவருக்கே சங்கடமாக இருந்தது. பார்வை பாயின் மேல் இருந்தது. "முடிச்சிக்கலாமா?"

அண்ணி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார்.

"எழுதிக்கிறீங்களா?"

"எழுதுறேம்மா."

"அன்னக்கி நாலு மணிக்கு எந்திரிச்சிச்சு. நான் டீ போட்டுக் குடுத்தேன். சட்ட பொத்தான் ரெண்டு இல்ல, தச்சிட்டுப் போன்னேன். வந்து தச்சிக்கலாம்னுச்சு. தெக்க ஒண்ணும் படல, வடக்க முகத்துவாரத்தத் தாண்டிப் பாக்குறேன்னுச்சு. என்ஜின் ரெண்டு நாளாவே இருமுது, பாத்துப் போன்னேன். சரின்னுச்சு. இதத்தான் சார் சொல்லணும்னு ஏழு நாளு உக்காந்திருந்தேன். யாராச்சும் வந்து கேப்பாங்கன்னு."

அவர் எழுதினார். 'குடும்பத்தார் கேட்கப்பட்டனர். முடிப்பதில் ஆட்சேபணை இல்லை.' தலைகீழாகவே எனக்குப் படிக்க முடிந்தது. பதினேழு மாதமாக அந்த வேலைதானே.

"சார், அவங்க சொன்னது அது இல்ல," என்றேன். "சொன்னத எழுதுங்க."

அவர் என்னைப் பார்த்தார். தான் எழுதியதை அடித்தார். இடம் போதாமல் பின்பக்கம் திருப்பி, பொத்தான், டீ, என்ஜின் எல்லாவற்றையும் எழுதினார். நேரம் ஆயிற்று. அம்மா எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள்.

அவர் எழுதி முடித்ததும் அண்ணி அந்தத் தாளை விரலால் தொட்டார்.

"ஒரு தாளு. கேட்டுட்டு நிறுத்துங்கன்னு ஒரு தாளு. இது அன்னக்கி இருந்திருந்தா நீங்க வடக்க போயிருப்பீங்கல்ல?"

"போயிருப்பேம்மா. சத்தியமா போயிருப்பேன்."

"அப்ப இது எங்க இருந்துச்சு?"

அவரைத்தான் கேட்டார். அவருக்கு என்ன தெரியும்?

"எங்கிட்ட இருந்துச்சு அண்ணி," என்றேன்.

சொன்னேன். செப்டம்பர் மாதமே என் மேசைக்கு வந்ததையும், படித்ததையும், தப்பு என்று தெரிந்ததையும், பென்சிலால் எழுதியதையும், அழித்ததையும். யாரும் அழிக்கச் சொல்லவில்லை என்பதையும் சொன்னேன். கவனிக்காமல் என்று சொல்லவில்லை. காற்றில் கத்துகிற மாதிரிதான் பேசியிருப்பேன் போல. வாசலில் நின்ற செல்வராசு கட்டுப் போட்ட கையோடு உள்ளே எட்டிப் பார்த்தார்.

அம்மா சுவரிலிருந்து திரும்பவில்லை.

ஆய்வாளர் பேனாவை மூடப் போய், பாதியில் நிறுத்தினார். "இது... இதையும் எழுதணுமாம்மா?"

அண்ணி என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அதன் பிறகு, இதை எழுதும் இந்த நேரம் வரையிலும் பார்க்கவில்லை.

"கேக்கத்தான வந்தீங்க," என்றார். "எழுதிக்கோங்க. அவ சொன்னதையும் எழுதிக்கோங்க."

அவர் எழுதினார். படித்துக் காட்டினார். அண்ணி முதலில் கையெழுத்துப் போட்டார். பிறகு நான் போட்டேன்.